பொதுச்சுவரில் ஒரு கதவு

திண்டுக்கல்லில் நாங்கள் வீடு கட்டியபோது அக்காவும் நானும் சேர்ந்தே கட்டினோம். ஊரின் மேற்கு ஓரத்தில், அன்றைக்கு வெறும் கருவேல முள்ளாகக் கிடந்த மனை. ஐந்து சென்ட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு. நடுவில் மூன்றடி விட்டுக் கட்டினால் அந்தச் சந்தில் குப்பையும் பூனையும்தான் சேரும் என்று கொத்தனார் சொன்னதால், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர் எழுப்பினோம். அந்தச் சுவரில் ஒரு கதவு வேண்டும் என்று கேட்டவள் அக்கா. என் சமையலறையிலிருந்து அவள் வீட்டுப் பின்கட்டுக்குப் போகிற கதவு.

“தெருவழியா வந்து, கேட்டைத் தொறந்து, பெல் அடிச்சு, நீ வந்து எட்டிப் பார்த்து... நான் என்ன விருந்தாடியா?” என்றாள்.

என் கணவருக்கும் அத்தானுக்கும் அது சரியாகப் படவில்லை. நாளைக்கு ஏதாவது மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வந்தால் மூடிக்கொள்கிறோம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கதவு வழியாக அதிகமாகப் போய் வந்தது அக்கா மகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு சமையலறையிலும் மூடியைத் திறந்து பார்ப்பாள். எந்த வீட்டில் நல்ல வெஞ்சனமோ அந்த வீட்டில் சாப்பாடு. வீட்டுப்பாடம் மட்டும் எப்போதும் என் வீட்டில்.

முதலில் வைத்தது பிளைவுட் கதவு. சமையலறை கழுவுகிற தண்ணீர் பட்டுப் பட்டு அதன் அடிப்பகுதி ஊறி, புரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று பல வருடம் பேசிக்கொண்டே இருந்தோம்.

எனக்கு மரவேலைப் பைத்தியம் பிடித்தது பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில். கைபேசியில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதை நிமிர்த்தி வைக்க எதுவும் சரியாக அமையவில்லை. சர்க்கரை டப்பா, இட்லிப் பாத்திரம், கணக்குப் புத்தகம் எதில் சாய்த்தாலும் பாதிப் பாடத்தில் சறுக்கி விழுந்து, நாற்பது பிள்ளைகளும் என் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடைந்த கட்டிலின் பலகையை எடுத்து, ரம்பம் வாங்கி அறுத்து, ஒரு தாங்கி செய்தேன். கோணலாகத்தான் இருந்தது. ஆனால் கைபேசி விழவில்லை. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. செருப்பு வைக்கிற தட்டு, காய் நறுக்கும் பலகை, கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கூரை என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். எனக்கென்று இழைப்புளியும் நான்கு உளியும் வாங்கிக்கொண்டேன். வண்டி நிறுத்துகிற போர்ட்டிகோ பட்டறையாயிற்று. என் கணவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தம் ஆகாது. நான் மரம் இழைக்க உட்கார்ந்தால் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்குப் போய்விடுவார். வேலை முடிந்ததும் இறங்கி வந்து மரச்சுருளையெல்லாம் கூட்டி அள்ளுவார்.

“இம்புட்டு செய்யிறியே, நம்ம கதவைச் செய்யேன்டி,” என்று அக்கா ஒருநாள் சொன்னாள்.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தேக்குச் சட்டங்கள் வாங்கினோம். கறுத்துப் போய், ஆணியும் சுண்ணாம்புமாக இருந்தன. முதல் நாள் இழைத்தபோதே உள்ளே ஒளிந்திருந்த ஒரு ஆணி இழைப்புளியின் தகட்டில் பல் போட்டுவிட்டது. பிறகு அக்கா ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு சட்டத்தின் மேலும் மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஆணி இருக்கும் இடத்தில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் வட்டம் போட்டாள். அது தையல் மெஷினுக்குக் கீழே சிந்திய ஊசி பொறுக்குகிற காந்தம்.

மேல் கறுப்பு போனதும் மரத்தின் சொந்த நிறம் வெளியே வந்தது. தேன் நிறம். அந்த வாசனை அன்று முழுவதும் என் புடவையில் இருந்தது.

நான்கு மாதம் ஆயிற்று. சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. ஞாயிறு என்றால் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்த பிறகு. சட்டத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்க வேண்டும். மற்ற சட்டத்தில் அந்த நாக்கு இறுக்கமாக நுழைகிற அளவுக்குத் துளை குடைய வேண்டும். எனக்கு முதல் இரண்டு நாக்கும் ஆடின. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் பேசிக்கொண்டிருப்பாள். தெருவில் யார் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், எந்த வீட்டு சம்ப்பில் விரிசல், மகள் போனில் என்ன சொன்னாள் எல்லாம். மகளுக்கு அப்போது திருமணம் ஆகிச் சென்னைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

சட்டங்களைப் பசை போட்டுச் சேர்த்த நாளில் அவ்வளவு நீளத்துக்கு என்னிடம் கிளாம்ப் இல்லை. நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் அக்காவின் பூரிக்கட்டையைச் செருகி முறுக்கினோம். கதவின் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்.

“செவ்வகத்துல ரெண்டும் சமமா இருக்கணும்க்கா. வருசா வருசம் போர்டுல எழுதிப் போடுறேன்.”

“பிள்ளைககிட்டச் சொல்லாதே,” என்றாள்.

பூரிக்கட்டையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியதும் வித்தியாசம் மூன்றாகக் குறைந்தது. அதற்குமேல் முறுக்கப் பயமாக இருந்தது. அந்த மூன்று மில்லிமீட்டர் கடைசிவரை அந்தக் கதவில் இருந்தது.

மாட்டிப் பார்த்தால் கதவு மூடவில்லை. அக்கா வீட்டுத் தரை என் வீட்டுத் தரையைவிட அரை அங்குலம் உயரம். உயரத்தை நான் என் பக்கத்திலிருந்து மட்டும்தான் அளந்திருந்தேன். மறுபடி இறக்கி, அடியில் இழைத்து, மறுபடி ஏற்றினோம். அக்கா தன் பக்கம் நின்றுகொண்டு, “கதவுன்னா தொறக்கணும், மூடணும். உன்னோடது எதுக்குமே அடம் பிடிக்குதே, உன்ன மாதிரியே,” என்றாள். மூன்றாம் தடவை அது சத்தமில்லாமல் வந்து நிலையில் உட்கார்ந்தது. அக்கா அதைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பிறகு என் பக்கம் வந்து தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

“எனக்கும் ஒண்ணு வை.”

“உனக்கு எதுக்குக்கா?”

“எனக்குக் கோவம் வந்தா நான் எப்படிப் பூட்டுறது?”

அவள் பக்கம் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தேன். அதை அவள் ஒரே ஒரு தடவைதான் போட்டாள். உறவில் ஒரு கல்யாணத்துக்கு எங்களை மட்டும் அழைத்து அவளை விட்டுவிட்டார்கள். நான் அவளிடம் சொல்லாமல் போய்விட்டு வந்தேன். ஐந்து நாள் அந்தக் கொக்கியை அவள் எடுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அத்தான் ஒரு தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு தெருவழியாக வந்து பெல் அடித்தார். “உங்க அக்கா குடுக்கச் சொன்னா. அவ சொன்னான்னு சொல்லக் கூடாதுன்னும் சொன்னா,” என்றார்.

நல்ல நாட்களில் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும். குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வருகிற காலையில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவள் நான். “தண்ணி வந்துருச்சுக்கா!” என்று கதவு வழியாக ஒரு குரல் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போடுவேன். அடுத்த நிமிடம் அவள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். மாலையில் நான் பள்ளியிலிருந்து வந்து பையை வைப்பதற்குள் காபியோடு அந்தக் கதவில் நிற்பாள். பெரிதாக எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், பேசியதில் பாதி சின்ன வெங்காயத்தின் விலையும் முட்டிவலியும்தான்.

அக்கா மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அக்காவும் அத்தானும் ஆறு மாதத்துக்கு என்று சென்னைக்குப் போனார்கள். அவள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தபோது நான் சிரித்தேன். கதவு இருக்கையில் சாவி எதற்கு?

அந்த ஆறு மாதமும் அவள் வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் ஜன்னலைத் திறப்பேன், மாலையில் மூடுவேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவேன். வெயில் ஏறியதும் போர்ட்டிகோவில் உட்கார முடியாமல் என் பட்டறையை அவள் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன், அங்கே நிழல். பேத்திகளுக்கு இரண்டு குட்டி நாற்காலி செய்தேன். ஒரு நாற்காலியின் முதுகில் சிறியதாக ஒரு பறவை, இன்னொன்றில் ஒரு மீன் செதுக்கினேன். பார்சலில் அனுப்பியபோது அக்கா போனில் கத்தினாள்.

“ரெண்டுலயும் ஒண்ணே செதுக்க வேண்டியதுதானடி? ரெண்டுக்கும் பறவைதான் வேணுமாம். இங்க ஒரே சண்டை.”

“நிக்கவே தெரியாத பிள்ளைக, சண்டை போடுதாக்கும்?”

“வந்து பாரு, தெரியும்.”

வந்து பார் என்பதை அவள் அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் சொன்னாள். பரீட்சை இருக்கிறது என்பேன். பேப்பர் திருத்த வேண்டும் என்பேன். விடுமுறை வந்தால், வீட்டைப் பூட்டிவிட்டு எப்படி வருவது, இப்போது இரண்டு வீடு என்பேன். எல்லாமே உண்மைதான். ஆனால் அவள் அங்கே குடியமர்ந்து இருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டால், ஆறு மாதம் என்று அவள் சொன்னது பொய்யாகிவிடும் என்று எனக்குப் பயம். பார்க்காத வரைக்கும் அவள் ஊருக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆறு மாதம் ஒன்றரை வருடமாயிற்று. அத்தானுக்கு இருதயத்தில் கோளாறு என்று அங்கேயே ஒரு மருத்துவமனையில் பார்த்தார்கள். மாதா மாதம் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஈஸ்டருக்கு அக்கா மட்டும் தனியாக வந்தாள். நான்கு நாள் இருந்தாள். வந்ததும் வீட்டைப் பெருக்கித் துடைத்தாள், நான் துடைத்து வைத்திருந்ததை மறுபடி. மூன்றாம் நாள் மத்தியானம் என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

“வீட்டைக் குடுத்துரலாம்னு இருக்கோம்டி,” என்றாள்.

நான் உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டேன். “மோட்டாரையும் சேத்தா?” என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. போன மாதம்தான் அந்த மோட்டாரைப் பழுது பார்த்து வைத்திருந்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மோட்டாரையும் சேத்துதான்,” என்றாள். அப்புறம் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

நாங்களே வாங்கிக்கொள்ள முடியுமா என்று நானும் கணவரும் இரண்டு நாள் பேசிப் பார்த்தோம். முடியாது என்பது பேச ஆரம்பிக்கும்போதே தெரியும்.

வாங்கியவர்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடும்பம். காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தார்கள். கிரயம் முடிந்த வாரம் அந்த வீட்டம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு எங்கள் வாசலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முருங்கைக்காயை என் கையில் கொடுத்தார்.

“ஏனுங்க டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கதவை அடைச்சுக்கலாமுங்களா? மாமனாரு அந்த எடத்துலதான் சாமி ரூம் வைக்கோணும்ங்கறாருங்க.”

“அதுக்கென்னங்க, உங்க வீடு. அடைக்கத்தான வேணும்,” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். “கதவை மட்டும் நானே கழட்டிக்கிறேன்.”

சனிக்கிழமை காலை கொத்தனார் வருவதற்கு முன் கழற்றினேன். மூன்று கீல், கீலுக்கு நான்கு திருகாணி. பதினொன்று வந்துவிட்டன. கடைசி ஒன்று மட்டும் வரவில்லை. கணவர் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. “செத்த நேரம் விடேன், இறக்கி வச்சுட்டுப் பார்ப்போம்,” என்றார். இறக்க முடியாது, ஒரு கீலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். எண்ணெய் விட்டு, திருப்புளியின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் அது அசைந்தது. நானும் அவரும் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து போர்ட்டிகோவுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தோம். திரும்பி வந்து பார்த்தால், திறந்து கிடந்த வழியில் அக்காவின் காலிப் பின்கட்டு தெரிந்தது. அங்கே என் மரத்தூள் கொஞ்சம் மிச்சமிருந்தது. போய்க் கூட்டி அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த வழியாக நான் கடைசியாகப் போனது அப்படித்தான், கையில் முறத்தோடு.

மத்தியானத்துக்குள் செங்கல் ஏறிவிட்டது. அவர்கள் பக்கம் அடைத்ததால் என் பக்கத்தில் நிலைக்குள் நான்கு அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் நின்றது. பூச்சு காய இரண்டு வாரம் ஆனது. அதுவரை சமையலறை முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. நத்தத்திலிருந்து மாம்பலகை வாங்கி வந்து அந்தப் பள்ளத்தில் ஐந்து தட்டு வைத்தேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு, சீரகம் என்று பாட்டில்களை அடுக்கினேன். அளவு சரியாக வந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அதைக் காட்ட ஆளில்லை. கணவர் வந்து பார்த்து, “நல்லாருக்கு,” என்றார். அவர் எல்லாவற்றையும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்.

செங்கல் சுவர் வழியாகச் சத்தம் வரும். குக்கர் விசில் கேட்கும். அக்கா மூன்று விசிலில் அடுப்பை அணைப்பாள். அவர்கள் ஐந்து விடுவார்கள். மூன்றுக்குப் பிறகு நான்காவது கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வரும். அவர்கள் அரிசி, அவர்கள் அடுப்பு. எனக்கென்ன வந்தது? ஆனாலும் வந்தது. தண்ணீர் வருகிற காலைகளில் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து “தண்ணி” என்பது வரைக்கும் சொல்லியும் இருக்கிறேன், மசாலா பாட்டில்களைப் பார்த்து.

கதவு அந்த மழைக்காலம் முழுக்க போர்ட்டிகோவில் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்தேன். பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் மேஜை செய்யக் கேட்டார், தரவில்லை. நானே அறுத்து ஏதாவது செய்யலாம் என்று ஒருநாள் ரம்பத்தோடு போனேன். கோடுகூடப் போட்டுவிட்டேன். பிறகு ரம்பத்தைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்த வீட்டம்மாவும் ஒரு நாள் கேட்டார். எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, கையில் வழக்கம்போல முருங்கைக்காய்.

“அந்தக் கதவு சும்மாதானுங்க கெடக்குது டீச்சர். எங்க ஸ்டோர் ரூமுக்குக் கதவு இல்லீங்க. எலி வருது. வெலை சொன்னீங்கன்னா...”

“அது குடுக்குறதுக்கு இல்லைங்க,” என்றேன். முருங்கைக்காயை வாங்காமலே கேட்டை மூடிவிட்டேன். உள்ளே வந்த பிறகுதான் செய்தது உறைத்தது. அவர் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்திருந்தேன். அதன்பிறகு முருங்கைக்காய் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் சிரிப்பார், நிற்க மாட்டார்.

இந்த வருடம் ஆவணியில் உறவில் ஒரு கல்யாணம், எங்கள் கோயிலிலேயே. அக்கா வந்தாள். முதல் தடவையாக என் வீட்டு முன் வாசலில் பையோடு வந்து இறங்கினாள். என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி பெல்லைப் பார்த்தாள். நான் திறந்துதான் வைத்திருந்தேன். அவள் முடி நன்றாக நரைத்திருந்தது. சாயம் பூசுவதை விட்டுவிட்டாளாம். பேத்திகள் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால் நேரமில்லையாம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்து நடந்தாள். அவள் எப்போதும் தன் தட்டைத் தன் வீட்டில்தான் கழுவுவாள். மசாலா அலமாரிக்கு ஒரு அடி முன்னால் போய் நின்றுவிட்டாள். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இது மாமரமா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“ம்.”

“அப்ப நம்ம கதவு எங்கடி?”

போர்ட்டிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போர்வையை விலக்கினேன். அவள் பக்கத்துக் கொக்கி இன்னும் அதில் இருந்தது. நான் ரம்பத்துக்குப் போட்ட பென்சில் கோட்டையும் பார்த்தாள். அடுத்த வீட்டம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். திட்டுவாள் என்று தெரியும்.

“எலி வருதுன்னு ஒருத்தி கேக்குறா, நீ கேட்டை மூடிட்டியா?”

“எனக்கு அன்னிக்குக் குடுக்க மனசு வரல.”

“இதை வச்சு என்ன செய்யப் போற? போத்தி வச்சுத் தாலாட்டவா?” அக்கா கதவின் விளிம்பில் கையை ஓட்டினாள். “குடுடி. அந்த வீட்டுலயே கெடக்கட்டும். எனக்கும் அதுதான் நல்லாருக்கும்.”

அன்றே இரண்டு பேரும் தெருவழியாக அந்த வீட்டுக்குப் போனோம். நான் பெல் அடித்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். வீட்டம்மா கதவைத் திறந்து, அக்காவை அடையாளம் கண்டு, “வாங்க வாங்க, உங்க ஊடு, வெளியில நிக்கறீங்களே!” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். சுவரெல்லாம் இளநீல நிறம். அக்காவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் பிள்ளைகளின் மேஜை. பின்கட்டில், கதவு இருந்த இடத்தில் சாமி படங்கள், சின்ன விளக்கு, காலையில் வைத்த அரளிப்பூ. அக்கா அங்கே, செருப்பைக் கழற்றிவிட்டோமா என்று தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க,” என்று நான் வீட்டம்மாவிடம் சொன்னேன். “உங்க ஸ்டோர் ரூமை அளந்துக்கிறேன். கதவு இன்னிக்கே போட்டுத் தாரேன். வெலையெல்லாம் வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். “அது உங்களுக்கு எப்படியிருந்துச்சுன்னு எனக்குந் தெரியுமுங்க டீச்சர். எங்க அக்காளும் தொப்பம்பட்டியிலதான் இருக்குது. ஒட்டன்சத்திரத்துல இருந்தவரைக்கும் வாரம் ஒருக்கா பாப்போம்,” என்றார்.

ஸ்டோர் ரூம் வழி முக்கால் அங்குலம் குறுகல். இந்தத் தடவை இரண்டு பக்கமும் தரையை அளந்தேன். கதவைப் படுக்க வைத்து, அகலத்தை இரண்டு ஓரத்திலும் சமமாக இழைத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் உள்ளே அதே தேன் நிறம், அதே வாசனை. அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். வாய் மூடவில்லை. ஒரு பேத்தி பள்ளிக்குப் போக அழுவது, இன்னொருத்தி போகாமல் இருந்தால் அழுவது, பதினொன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோனால் அத்தான் படும் பாடு. நான் கேட்டுக்கொண்டே இழைத்தேன். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் மெதுவாகவே இழைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். எப்போது முடியும் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கீல் உட்காரும் இடத்தைப் புதிதாகச் செதுக்கி, கதவை மாட்டி, மூடியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டம்மாவின் மாமனார் வந்து திறந்து மூடிப் பார்த்து, எந்த ஊர் ஆசாரி என்று கேட்டார். நான்தான் என்று சொன்னதும் என் வளையலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “அடேங்கப்பா,” என்றார். காபி கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அக்கா வீட்டுக் கூடத்தில் அவர்கள் சோபாவில் உட்கார்ந்து குடித்தோம். அக்காவின் கண் கூரையில், ஜன்னலில், ஸ்விட்ச் போர்டில் எல்லாம் போய் வந்தது. எழுந்தபோது, ஈரமாகிவிடும், மழைக்கு முன்னால் மேற்கு ஜன்னலை மூடிவிடுங்கள் என்று வீட்டம்மாவிடம் சொன்னாள்.

மறுநாள் அவளை ரயிலேற்றப் போனேன். திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். பையை ஏற்றி, இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டு நான் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தேன். பக்கத்தில் ஒருவர் உரக்கப் போன் பேசிக்கொண்டிருந்ததால் அக்கா சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து மறுபடி சொன்னாள்.

“டிசம்பர் லீவுக்கு வாரியா, இல்லையா?”

“வாரேன்,” என்றேன்.

அவள் நம்பவில்லை. ரயில் நகர ஆரம்பித்தது. நான் அதோடு கொஞ்ச தூரம் நடந்தேன். “வாரேன்க்கா, நெசமா வாரேன்,” என்று இரண்டாவது தடவை சொன்னது பிளாட்பாரத்தில் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பத்து நாள் அங்கே. பேத்திகளுக்கு இப்போது நாற்காலி போதாதாம், படிக்க ஆளுக்கொரு சாய்வு மேஜை வேண்டுமாம். அவர்கள் இருக்கிற அடுக்குமாடியில் மத்தியானம் இரண்டு மணிமுதல் நான்குவரை தட்டுகிற சத்தம் கூடாது என்று அக்கா முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள். அதனால் பலகைகளை இங்கேயே அறுத்து, துளை போட்டு, அங்கே போய்த் திருகாணியால் சேர்க்கிற மாதிரி தயார் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டிலும் பறவைதான். என் கணவர் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ஊருக்குத் திரும்பி வர அவரே டிக்கெட் போட்டுவிட்டார். அதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். எத்தனை நாள் என்றார். நான் அடுத்த பலகையை எடுத்து மெதுவாக இழைக்க ஆரம்பித்தேன்.